மெதுவா நடக்குறவங்க முன்னாடி வாங்க

தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. "ஏ, வெரசா வாடி, வண்டி போயிரும்"னு மேடு ஏறுற வரைக்கும் நான் கத்திக்கிட்டே வந்தேன்ல, அது உங்களையில்ல. என் சம்சாரத்தை. பின்னாடி காலடிச் சத்தம் கேட்டுச்சா, அவதான் வர்றான்னு நெனச்சுட்டேன். நீங்களும் ஒரு வார்த்தை, "ஐயா நான் ஆம்பளை"ன்னு சொல்லியிருக்கலாம்ல? நல்ல ஆளுங்க நீங்க. வாடி போடின்னு கேட்டுக்கிட்டே வந்திருக்கீங்க.

உக்காருங்க, நல்லா சாஞ்சு உக்காருங்க. பையை நான் மடியில வெச்சுக்கறேன். அவளுக்குத்தான் எடம் போட்டேன். இனி யாரு வரப் போறா இதுல. அடுத்த வண்டில வருவா. மத்தியானத்துக்கு மேல ஒரு வண்டி இருக்குன்னு கண்டக்டர் சொன்னாரு. இல்லாட்டி நாங்க மலை நடக்க வந்த கூட்டத்துக்கு ஜீப்பு ஒண்ணு இருக்கு, அதுல ஏறி வந்துருவா. வருவா. முப்பத்தஞ்சு வருஷமா எம் பின்னாடி வந்தவ, இன்னிக்கா வராமப் போயிருவா?

போன் பண்ணலாமேங்குறீங்களா? பண்ணலாம். அவ போனு என் பையில இருக்கு. ரெண்டு போனையும் நான்தான் வெச்சிருப்பேன், அவ எங்கயாச்சும் மறந்து வெச்சுருவான்னு. வீட்டுச் சாவியும் எங்கிட்டத்தான்.

எனக்கு அலுப்பா இருக்கு தம்பி. ஒடம்பு அலுப்பு வேற, இது வேற. நீங்க கொடைக்கானல் வரைக்கும்தானே? பூண்டு யாவாரமா? சரி, அப்ப கேளுங்க. உங்ககிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்றது, இம்புட்டுத் திட்டு வாங்கியிருக்கீங்க.

என் பேரு பவுன்ராஜ். திண்டுக்கல். மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனேன். நடக்குறதெல்லாம் எனக்குப் புதுசு கெடையாது. சிறுமலைக்குக் கம்பி இழுத்தப்ப காடு மேடெல்லாம் நடந்தவன். நான் முன்னாடி போவேன், பின்னாடி ஏணி, கம்பி, கயிறுன்னு தூக்கிக்கிட்டு ஆளுங்க வருவாங்க. "வாங்கடா"ன்னா வருவாங்க. திரும்பிப் பாத்து எண்ணிக்கிட்டு நிக்கிற வேலையே கெடையாது. வீட்லயும் அப்படித்தான். கடைக்குப் போனாலும் சரி, கல்யாணம் காச்சின்னாலும் சரி, நான் முன்னாடி, வேலுத்தாய் பின்னாடி. என் சம்சாரம் பேரு வேலுத்தாய். மணவறையைச் சுத்துறப்ப சுண்டு விரலைப் புடிச்சுக்கிட்டுப் பின்னாடி வந்தா, அன்னிலருந்து அப்படியேதான். அதுல ஒரு நல்லதும் இருக்கு பாருங்க. நாய் வந்தாலும் பாம்பு வந்தாலும் முன்னாடி போறவனைத்தானே புடுங்கும்? அவளைக் காபந்து பண்ணித்தான் கூட்டிட்டுப் போயிருக்கேன். இதெல்லாம் யாரும் நெனச்சுப் பாக்குறதில்ல.

இந்த ட்ரெக்கிங் கூத்தை ஆரம்பிச்சது என் மக சுகந்தி. கோயமுத்தூர்ல இருக்கா. "அப்பா, நீயும் அம்மாவும் சேந்து எங்கயாச்சும் போயிருக்கீங்களா"ன்னு கேக்குறா. ஏன் போகல? பழனிக்குப் போயிருக்கோம். எங்க அண்ணன் வீட்டு விசேஷம் எதையும் விட்டதில்ல. அவளுக்குக் கர்ப்பப்பை ஆப்பரேசன் பண்ணப்போ மதுரைக்குப் போயிருக்கோம். "அதெல்லாம் சேந்து போனதுல சேத்தியில்ல"ன்னுட்டா. சொல்லிட்டு எங்களைக் கேக்காமலே ஒரு கூட்டத்துல சேத்து விட்டுட்டா. பூம்பாறையில ஆரம்பிச்சு, காட்டுக்குள்ள ஒரு குளம், அப்புறம் கூக்கால் ஏரி, கடைசியா மன்னவனூர் ஏரி. மூணு நாளு நடை.

நான் சிரிச்சேன். இவளா மலையில நடக்கப் போறா? கடைத்தெருவுக்குப் போனாலே ரெண்டு கடை தள்ளித்தான் வருவா. ஆனா அவ அன்னைக்கே மக வாங்கிக் குடுத்த ஷூவை மாட்டிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டா. தெனமும் காலையில நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருப்பேன், தலைக்கு மேல தொம் தொம்முன்னு சத்தம் கேக்கும். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பா. "கூரை ஒழுகப் போகுதுடி"ன்னு கீழேருந்து சத்தம் போடுவேன். சத்தம் நிக்கும். கொஞ்ச நேரங் கழிச்சு மறுபடியும் கேக்கும்.

மேல போயிப் பாக்கலையான்னா கேக்குறீங்க? மொட்டை மாடியில பொம்பளை நடக்குறதுல என்னத்தைப் பாக்க?

பூம்பாறையில பஸ்ஸை விட்டு எறங்கினோம். மொத்தம் எட்டுப் பேரு. தலைவி ஒரு அம்மா, ஜெசிந்தா மேடம்னு, காலேஜ்ல வெளையாட்டுச் சொல்லிக் குடுக்குறவங்க. கழுத்துல விசிலு. எல்லாரையும் நிப்பாட்டி ஒரு சட்டம் சொன்னாங்க. "மெதுவா நடக்குறவங்க முன்னாடி வாங்க. நல்லா நடக்குறவங்க கடைசியில வாங்க. அப்பத்தான் யாரையும் விட்டுட்டுப் போக மாட்டோம்"னாங்க. எப்படி இருக்கு பாருங்க! உலகத்துல எங்கயாச்சும் உண்டா? மெதுவா நடக்குறவன் முன்னாடி போறதாம்!

சரி, மலைச் சட்டம் அதுன்னா அது. "ஏ வேலு, போ முன்னாடி"ன்னு அவளைத் தள்ளிவிட்டேன். அவளும் சிரிச்சுக்கிட்டே போயி முதல் ஆளா நின்னா. நான் போயிக் கடைசியில நின்னேன். லைன் இன்ஸ்பெக்டர், சிறுமலையெல்லாம் நடந்தவன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு. நமக்குத்தானே கடைசி எடம்?

ஒரு மணி நேரம் ஆகல. எனக்கு முன்னாடி போன முதுகெல்லாம் ஒண்ணொண்ணா தள்ளித் தள்ளிப் போகுது. மேடுன்னா மேடு, கண்ணுல பூச்சி பறக்குது எனக்கு. மேல எங்கயோ விசில் சத்தம். "அம்மா, மெதுவா, மெதுவா! கடைசியில சார் வரல!"ன்னு மேடம் கத்துறது காதுல விழுகுது. அம்மான்னு யாரைச் சொல்றாங்க? இவளைத்தான். மலைமேல விறுவிறுன்னு ஏறிப் போயிருக்கா. எல்லாரும் நின்னுட்டாங்க. நான் போயிச் சேர்ற வரைக்கும் அத்தனை பேரும் என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க. மேடம் சிரிச்ச மொகமாத்தான் சொன்னாங்க, "சார், நீங்க முன்னாடி வந்துருங்க. அம்மா, நீங்க கடைசிக்குப் போங்க."

எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. காலம் பூரா முன்னாடி நடந்தவன்தான் தம்பி நான். ஆனா இது அந்த முன்னாடி இல்ல. இது எல்லாருக்கும் தெரிஞ்சு போன முன்னாடி. எம் பின்னாடி வந்த பேங்க்காரத் தம்பி அன்வருன்னு ஒருத்தன், நல்ல பையன்தான், "மெதுவாப் போங்க சார், அவசரமில்ல"ன்னு அடிக்கொரு தரம் சொல்றான். அவசரமில்லன்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன ஓடவா செய்யுறேன்?

அன்னைக்கு மத்தியானம் ஓடைக்கிட்ட சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சு உக்காந்திருக்கோம். இவ மேடத்துக்கிட்டப் போயி என்னமோ சொல்றா. உடனே மேடம் ஒரு தைலத்தை எடுத்துக்கிட்டு எங்கிட்ட வர்றாங்க. "சார், வலது முழங்கால் வலிக்குதாமே?" நான் யாருகிட்டயும் சொல்லல. மூச்சு விடல. இவதான் சொல்லியிருக்கா. "அவரு இடது தோளு கொஞ்சம் எறங்குனா வலது கால்ல வலின்னு அர்த்தம். கழுத்தைச் சொறிஞ்சா தண்ணி தவிக்குதுன்னு அர்த்தம். வாயால சொல்ல மாட்டாரு"ன்னா. "எப்படிம்மா இதெல்லாம்?"னு எல்லாரும் கேக்குறாங்க. "அவரு முதுகைப் பாத்துக்கிட்டுத்தானே இத்தனை வருஷமா வர்றேன். மூஞ்சியவிட எனக்கு முதுகுதான் நல்லாத் தெரியும்"னா. எல்லாரும் சிரிச்சாங்க. மேடம் மட்டும் சிரிக்கல, அவ தோள்ல கையை வெச்சாங்க.

பாத்தீங்களா எம்புட்டுப் பாசம்! எத்தனை பொண்டாட்டிக்கு இப்படித் தெரியும் சொல்லுங்க.

அன்னிலருந்து அவதான் அந்தக் கூட்டத்துக்குக் கடைசி ஆளு. யாருக்கு மூச்சு வாங்குது, யாரு ஷூ கடிக்குதுன்னு பின்னாடியே பாத்துப் பாத்து மேடத்துக்குச் சொல்லிருவா. ஒரு காலேஜுப் பொண்ணு அழுகுற மாதிரி வந்திருக்கு, யாருக்கும் தெரியல, இவ கண்டுபுடிச்சு அந்தப் பிள்ளையோட பையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டா. இதெல்லாம் எனக்கு ராத்திரிச் சாப்பாட்டுல மத்தவங்க சொல்லித்தான் தெரியும். நான் முன்னாடி போறவன், எனக்கு எங்க தெரியுது. ஆனா சிரிப்புச் சத்தம் கேக்கும். பின்னாடி கடைசியில ஒரு சிரிப்பு. காலேஜுப் பிள்ளைகதான் சிரிக்குதுகன்னு நெனச்சுக்குவேன்.

ரெண்டாம் நாள் சாயங்காலம் கூக்கால் ஏரிக்கு வந்து எறங்கினோம். நான் போயிப் படுத்துட்டேன். இவ போயி ஏரியைச் சுத்திட்டு வந்து நிக்குறா. மூஞ்சியெல்லாம் ஒரு மாதிரி பளபளன்னு இருக்கு. "என்னங்க, தண்ணிக்குள்ள அந்த மலை அப்படியே கெடக்குங்க. மரமெல்லாம் தலைகீழா நிக்குது. ஒரு காக்கா பறந்து போச்சு, தண்ணிக்குள்ளயும் ஒரு காக்கா கூடவே போகுது. எந்திரிச்சு வந்து பாருங்களேன்"னா. நான் சொன்னேன், "நெசமா நிக்குற மலையையே ரெண்டு நாளாப் பாத்து உசுரு போகுது, தலைகீழா வேற பாக்கணுமாக்கும்?" சிரிக்கத்தான் சொன்னேன். அவ சிரிக்கல. மறுபடியும் ஏரிப் பக்கமே போயிட்டா.

அன்னைக்குச் சாப்பிடுறப்பதான் மேடம் கேட்டாங்க. "அம்மா, நாங்க மாசம் ஒரு தடவை இப்படிப் போவோம். நீங்க வாங்க. எங்களுக்குக் கடைசி ஆளா நீங்க வேணும்." இவ கை சோத்துலயே நின்னுருச்சு. நான் பாத்தேன், இவளுக்கு எப்படி மறுத்துச் சொல்றதுன்னு தெரியல, தெகைக்குறா. அதனால நானே சொல்லிட்டேன், "அவளுக்கு வீட்டுல வேலை இருக்கு மேடம், அதெல்லாம் தோதுப்படாது"ன்னு. என்ன வேலைன்னு கேக்குறீங்களா? என்ன வேலைன்னா... வீடு இருக்கு. நான் இருக்கேன். அவ எந்திரிச்சுக் கையைக் கழுவப் போயிட்டா. நானும் நல்லதாப் போச்சு, சங்கடத்துலருந்து காப்பாத்திவிட்டோம்னு இருந்தேன்.

இன்னிக்கு காலையில நடந்தது இருக்கே, அதைத்தான் தம்பி யாருகிட்டயாச்சும் சொல்லணும்.

ஏரிக்கரையில ஒத்தையடிப் பாதை. தண்ணி ஆடாம அசையாம கெடக்கு. காத்தே இல்ல. நான் முன்னாடி போறேன், பின்னாடி வரிசையா எல்லாரும். கீழ பாத்தா, தண்ணிக்குள்ள மொத்த வரிசையும் தலைகீழா நடக்குது! எனக்கே அசந்து போச்சு. திரும்பாமலே எல்லாரும் தெரியுறாங்க. முதல்ல நான், எந் தொப்பை, எங் குச்சி. அடுத்தது அன்வரு. அப்புறம் அந்த ரெண்டு காலேஜுப் பிள்ளைக. டாக்டரு ஒருத்தரு, அவரு வீட்டம்மா. மேடம், விசிலோட. எல்லாரையும் பாத்துப் பாத்துப் பேரு சொல்லிக்கிட்டே வர்றேன் மனசுக்குள்ள.

கடைசியா ஒரு பொம்பளை. பச்சைச் சுடிதாரு, தலையில தொப்பி. நல்ல நடை தம்பி. கையை ரெண்டையும் வீசிக்கிட்டு, தோளை நிமித்திக்கிட்டு, எதுவுமே பாரமில்லங்குற மாதிரி. முன்னாடி போற மேடம் என்னமோ சொல்றாங்க, இந்தப் பொம்பளை வாயைத் தொறந்து சிரிக்குது. பல்லெல்லாம் தெரிய. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு, அட, யாரு இந்தம்மா, இப்படி நடக்குதே, ரெண்டு நாளா கண்ணுல படலையேன்னு. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, பாத்துக்கிட்டே வந்தேன்.

"தம்பி, கடைசியில வர்ற அம்மா யாரு? நேத்து ராத்திரி வந்து சேந்தாங்களா?"ன்னு அன்வரைக் கேட்டேன்.

அவன் தண்ணியை எட்டிப் பாத்தான். அப்புறம் மெதுவா, "சார், அது உங்க வீட்டம்மா சார்"னான்.

ஏரிக்கரையில பேசுனா எல்லாருக்கும் கேக்கும் போல. சத்தம் தண்ணிமேல அப்படியே போகுது. தண்ணிக்குள்ள பாக்குறேன், அந்தச் சிரிப்பு நின்னு போச்சு. வாயை மூடிக்கிட்டா. வீசிக்கிட்டு வந்த கையை எடுத்து முன்னாடி கட்டிக்கிட்டா. அப்பத்தான் எனக்கு அடையாளம் தெரிஞ்சுச்சு, ஆமா, வேலுத்தாய்தான்னு. அதுக்குள்ள காத்து வந்துருச்சு. தண்ணி கலங்கிப் போச்சு, ஒண்ணும் தெரியல.

நீங்களே சொல்லுங்க, தலைகீழாத் தெரிஞ்சா யாருக்குத்தான் அடையாளம் தெரியும்? அவளைச் சேலையில பாத்துத்தான் பழக்கம். தொப்பி வேற. என்ன? மத்தவங்களையெல்லாம் தலைகீழாவே தெரிஞ்சுதேங்குறீங்களா? அது... அவங்கெல்லாம் ரெண்டு நாளாப் பழகுனவங்க. இவளைப் பாருங்க, உக்காந்திருக்கப் பாத்திருக்கேன், நிக்கப் பாத்திருக்கேன், அடுப்புக்கிட்டப் பாத்திருக்கேன், படுத்துக் கெடக்குறப்ப பாத்திருக்கேன். நடக்கப் பாத்ததில்லையே. எம் பின்னாடி வர்றவளை நான் எப்படிப் பாக்குறது?

அப்பவே திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ங்குறீங்க. சொல்லியிருக்கலாம். என்னன்னு சொல்றது? "நீதானா அது"ன்னா? பத்துப் பேரு முன்னாடி கட்டுன பொண்டாட்டிக்கிட்டப் போயி அப்படிச் சொல்ல முடியுமா? நான் தண்ணியவே பாத்துக்கிட்டு நடந்தேன், மறுபடி தெளியுமான்னு. அதுல ஒரு வேரைக் கவனிக்கல. தடுக்கி, வலது முட்டி சேத்துக்குள்ள மடங்கிருச்சு. அம்மான்னு கத்திட்டேன்.

யாரு மொதல்ல வந்தாங்கன்னு நெனக்குறீங்க? அன்வரு கைக்கெட்டுற தூரத்துல நின்னான். ஆனா கடைசியில வந்தவதான் மொதல்ல வந்தா. அத்தனை பேரையும் தாண்டி, தண்ணிக்குள்ளேயே எறங்கி ஓடி வந்துட்டா. துப்பட்டாவை எடுத்து முட்டியில இறுக்கிக் கட்டுனா. "வலிக்குதா, மடக்காதீங்க, என் தோளைப் புடிச்சுக்கங்க"ன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. "ஒண்ணுமில்ல, போ"ன்னேன். அந்தக் கோவம் ஏன் வந்துச்சுன்னு இப்ப வரைக்கும் தெரியல.

மேடம் நல்ல யோசனைதான் சொன்னாங்க. "சார், நீங்க நடக்க வேணாம். ஜீப்புல மன்னவனூர் ஏரிக்குப் போயிருங்க. அங்க புல்வெளியில உக்காந்திருங்க. நாங்க நடந்து சாயங்காலத்துக்குள்ள வந்துருவோம்." அதாவது நான் அங்க போயி உக்காந்து, பொண்டாட்டி நடந்து வர்ற வரைக்கும் பாதையைப் பாத்துக்கிட்டுக் காத்திருக்கணும். நல்லாயிருக்குல்ல? வாட்ச்மேன் வேலை. நான் சொன்னேன், "வேணாம் மேடம், நாங்க ரெண்டு பேரும் பஸ்ஸைப் புடிச்சு ஊருக்குப் போறோம்."

இவ எங்கிட்ட வந்து உக்காந்தா. மெதுவாச் சொன்னா. "ஏங்க, ஒரே ஒரு நாளு. அந்த ஏரியையும் பாத்துருவோம். நீங்க ஜீப்புல போயி இருங்க, நான் சாயங்காலம் வந்துருவேன். நீங்க அங்க இருப்பீங்கன்னு தெரிஞ்சா நான் வெரசா நடந்து வந்துருவேன்." எப்பவும் எதுவும் கேக்குறவ இல்ல தம்பி அவ. நகை கேட்டதில்ல, சேலை கேட்டதில்ல. இதைத்தான் கேட்டா.

நான், "கெளம்பு"ன்னேன்.

அம்புட்டுத்தான். பையைத் தோள்ல போட்டுக்கிட்டுக் குச்சியை ஊனிக்கிட்டு ரோட்டைப் பாக்க நடந்தேன். பின்னாடி வந்தா. சத்தம் கேட்டுச்சு, அவ ஷூ சத்தம். ஏரிக்கரை வேலி வரைக்கும் கேட்டுச்சு. "என்னங்க, கொஞ்சம் நில்லுங்க"ன்னா. "வா, வண்டி போயிரும்"னேன். "ஒண்ணு சொல்லணும்"னா. "வண்டில ஏறிச் சொல்லு"ன்னேன். அப்புறம் என்னமோ சொன்னா. காத்தடிச்சுச்சு, காதுல விழுகல.

விழுந்துச்சு. "நான் வரலைங்க. நான் நடந்து முடிச்சுட்டுத்தான் வருவேன்"ன்னா. ஆனா அவ அப்படியெல்லாம் பேசுற ஆளே இல்லையே? அதனால வேற என்னமோ சொல்றா, நமக்குத்தான் அப்படிக் கேட்டுருச்சுன்னு நெனச்சேன். "சரி சரி, வா"ன்னேன். மறுபடியும் காலடிச் சத்தம் கேட்டுச்சு. வர்றா, அவ்வளவுதான் கோவம், தீந்து போச்சுன்னு இருந்தேன். அது நீங்க. வண்டில ஏறி, "ரெண்டு கொடைக்கானல்"னேன். "இன்னொண்ணு யாருக்கு?"ன்னாரு கண்டக்டரு. "பின்னாடி ஏறுறாங்க"ன்னேன். நீங்க ஏறி வந்து நிக்குறீங்க, தோள்ல பூண்டு மூட்டையோட.

வண்டி கெளம்பிருச்சு. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். 

வருவா. அடுத்த வண்டி இல்லாட்டி ஜீப்புல. சாவி இல்லாம அவ எங்க போவா?

சுகந்தி வீடு இருக்கு. அதுவும் இருக்கு.

இந்தா, இந்த வளைவுல நாம வந்த ரோடு தெரியும். எனக்குக் கழுத்துப் பிடிச்சிருக்கு, திருப்ப முடியல. நீங்க கொஞ்சம் எட்டிப் பாருங்களேன், ஜீப்பு ஏதும் வருதா? வெள்ளை ஜீப்பு. இல்லையா? லாரியா? சரி விடுங்க.

தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? ஏறுனதுலருந்து கேக்கணும்னுதான் இருக்கேன். நீங்க அந்த வேலியைத் தாண்டித்தானே பாதையில சேந்தீங்க? அங்க அவ நின்னிருப்பாளே. பாத்தீங்களா? ஆமா, பச்சைதான். நின்னாளா. அழுதாளா? இல்லையா. சும்மா நின்னாளா. எம் முதுகைப் பாத்துக்கிட்டா? நீங்க மேடு ஏறுறப்ப திரும்பிப் பாத்தீங்களா? பாத்தீங்களா! அப்பவும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தாளா? எம்புட்டு நேரம்? நான் மேட்டுல மறையுற வரைக்குமா.

அப்புறம்? போயிட்டாளா. ஏரிப் பக்கமாவா? எப்படிப் போனா? மெதுவாவா, தயங்கித் தயங்கியா? வேகமாவா. கையை வீசிக்கிட்டா?

போறப்ப திரும்பிப் பாத்தாளா?

இல்ல தம்பி, அவசரப்படாதீங்க. நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. அந்த யூக்கலிப்டஸ் மரத்துக்கிட்டப் பாதை ஒடியும்ல, அங்க... லேசாக் கழுத்தை மட்டும்... ஒரே ஒரு தடவை?